கங்கோங் தண்டு ஸ்ட்ரா இல்லை

ஒரு கங்கோங் கீரைத் தண்டைக் குறுக்கே நறுக்கிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். "வேரிலிருந்து தண்ணீர் எந்த வழியாக மேலே போகும்?" என்று கேளுங்கள். அநேகமாக எல்லோரும் நடுவில் இருக்கும் ஓட்டையைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் பாடம் நடத்திய வகுப்பில் ஒரு பையன் அதை வாயில் வைத்து ஊதியே காட்டிவிட்டான். "பாருங்க டீச்சர், காத்து வருது. அப்போ தண்ணியும் வரும்தானே?"

அவன்மேல் தப்பில்லை. முந்தின நாள் "தண்டு ஒரு ஸ்ட்ரா மாதிரி" என்று சொன்னதே நான்தான். இந்தப் பாடத்தில் நாம் செய்யும் முதல் தவறு அந்த உவமைதான், மற்ற குழப்பங்களும் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வருகின்றன.

கங்கோங்கின் ஓட்டைக்குள் இருப்பது காற்று. செடி நீரில் மிதந்து படர்வதற்கு அந்தக் காற்று உதவுகிறது. தண்ணீர் போவது ஓட்டையைச் சுற்றியுள்ள சதைச் சுவருக்குள், முடியைவிட மெல்லியதாக ஓடும் குழாய்களில். அவற்றுக்குச் சைலம் என்று பெயர். வாயால் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், சாயத் தண்ணீரில் வைத்துக் காட்ட வேண்டும். சிவப்புச் சாயத்தில் ஒரு மணி நேரம் நின்ற தண்டை, சாயம் நின்ற மட்டத்துக்கு நன்றாக மேலே நறுக்குங்கள். மட்டத்துக்குக் கீழே நறுக்கினால் ஓட்டைக்குள்ளும் சாயம் நின்று குழப்பிவிடும். மேலே நறுக்கினால் ஓட்டை காய்ந்திருக்கும், சுவரில் மட்டும் ஊசியால் குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள் வட்டமாகத் தெரியும். ஊதிக் காட்டிய பையன் அந்தத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் புள்ளிகளை எண்ண ஆரம்பித்தான். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாயம் என்றதும் நினைவுக்கு வருகிறது. வீட்டில் கேக் சாயம் இல்லையென்று ஒருமுறை ரோஸ் சிரப்பைக் கரைத்து வைத்தேன். சிவப்பாகத்தானே இருக்கிறது! மறுநாள் காலையில் செடி தலை தொங்கிக் கிடந்தது, எறும்புக்கூட்டம் வேறு. சர்க்கரை அவ்வளவு அடர்த்தியாக இருக்கும் நீரைச் செடியால் எளிதில் இழுத்துக்கொள்ள முடியாது. கேக்குக்கு ஊற்றும் திரவச் சாயமே போதும். அரை கிளாஸ் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, சிவப்போ நீலமோ. பச்சைத் தண்டில் பச்சை, மஞ்சள் இரண்டும் எடுபடாது.

எந்தச் செடி? இணையத்தில் எங்கே தேடினாலும் செலரிதான் வருகிறது. செலரியில் நாம் கடித்துத் தின்னும் பகுதி தண்டே இல்லை, இலைக்காம்பு. அதிலும் சைலம் உண்டு, சோதனையும் அழகாக வரும். ஆனால் "இது தண்டு" என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்காதீர்கள். வாழையும் அப்படித்தான்: வெளியே மரம்போல் நிற்பது ஒன்றையொன்று தழுவிய இலையுறைகள். நம் வீட்டு வாசலில் சும்மா முளைக்கும் காசித்தும்பையே இதற்கு வாகானது. அதன் தண்டு கண்ணாடிபோல் இருப்பதால் நறுக்காமலே சாயம் ஏறுவதைப் பார்க்கலாம். வேரோடு பிடுங்கி வைத்துவிட்டுச் சாயம் ஏறவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், முழுதாக இருக்கும் வேர் சாயத்தைச் சுலபமாக உள்ளே விடாது. தண்டை வெட்டித்தான் வைக்க வேண்டும். அதையும் ஒரு வாளித் தண்ணீருக்குள் வைத்து, ஆசிரியரே வெட்டுவது நல்லது.

ஏன் தண்ணீருக்குள்? இங்கேதான் ஸ்ட்ரா உவமை அடியோடு விழுகிறது.

ஸ்ட்ராவில் நாம் உறிஞ்சும்போது உள்ளே காற்றழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று பானத்தை மேலே தள்ளுகிறது. எவ்வளவு பலமான பம்பாக இருந்தாலும் இப்படி உறிஞ்சிச் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்ற முடியாது. சபாவின் டானும் பள்ளத்தாக்கில் நிற்கும் 'மெனாரா' என்ற மஞ்சள் மெராந்தி மரத்தின் உயரமோ 100.8 மீட்டர். அதன் உச்சி இலைக்கும் தண்ணீர் போகிறது, யார் உறிஞ்சுகிறார்கள்? 1894இல் டிக்சன், ஜோலி என்ற இருவர் முன்வைத்த விளக்கம்தான் இன்றும் நிற்கிறது. இலையின் நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகிறது, இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்பவை, அதனால் மேலே ஒன்று போனால் பின்னாலிருப்பது இழுபடுகிறது. அந்த இழுப்பு இலையிலிருந்து வேர்வரை சங்கிலியாக இறங்குகிறது. வகுப்பில் பத்துப் பிள்ளைகளைக் கைகோத்து நிற்கவைத்து, முதல் பிள்ளையை மெல்ல இழுத்தால் போதும். நடுவில் ஒருவர் கையை விட்டால் என்ன ஆகும் என்று அவர்களே சொல்வார்கள். காற்றில் வைத்துத் தண்டை வெட்டும்போது அதுதான் நடக்கிறது: குழாய்க்குள் காற்று புகுந்து சங்கிலி அறுந்துபோகிறது.

ஆகவே "தண்டு தண்ணீரை உறிஞ்சுகிறது" என்று எழுதிப்போடாதீர்கள். தண்டு வழி மட்டும்தான், இழுப்பது இலை. சைலக் குழாய்களே முதிர்ந்ததும் இறந்துபோன செல்கள்தான், அவை என்னத்தை உறிஞ்சும்?

இதைக் காட்ட ஒரே அளவான இரண்டு காசித்தும்பைக் கிளைகளை எடுங்கள். ஒன்றில் இலைகளை விட்டுவிடுங்கள், இன்னொன்றில் எல்லா இலையையும் கிள்ளிவிடுங்கள். இரண்டையும் ஒரே சாயத்தில் வைத்தால் இலையுள்ளதில் நிறம் விறுவிறுவென ஏறும், மொட்டைத் தண்டு மந்தமாக நிற்கும். பலர் செடியைச் சாயத்தில் வைத்து, அலமாரியில் பூட்டி, காலையில் வந்து திறக்கிறார்கள். அப்போது பிள்ளைகள் பார்ப்பது முடிவை மட்டும்தான். மழைக்காலத்தில் ஈரம் பிடித்த அறையில் வைத்தால் அந்த முடிவும் சரியாக வராது. நல்ல வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் வைத்து, கால் மணிக்கு ஒருமுறை நிறம் ஏறிய உயரத்தைத் தண்டில் பேனாவால் கோடிடச் சொல்லுங்கள்.

சரி, ரப்பர் மரத்தைப் பால்மரம் என்று சொல்லும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கென்றே ஒரு குழப்பம் உண்டு. ஒரு மாணவி கேட்டாள்: "பால்மரத்துல வர்ற பால்தான் அந்தத் தண்ணியா டீச்சர்?" இந்தக் கேள்வியை "அது வேற, இது வேற" என்று தள்ளிவிடுவது பெரிய தவறு. தோட்டத்துப் பிள்ளைக்குத் தண்டைப் பற்றி இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பால் இருப்பது பட்டையில், உணவைக் கடத்தும் ஃபுளோயம் பகுதியிலுள்ள பாற்குழாய்களில். தண்ணீர் போவது அதற்கும் உள்ளே, கட்டையில். நடுவே புதுப் பட்டையை உண்டாக்கும் மெல்லிய அடுக்கு. பாலெடுக்கப் பட்டையைச் சீவும் பால்வெட்டில் கத்தி அந்த அடுக்கைத் தொடக் கூடாது.

அந்த மாணவியின் பாட்டி முப்பது வருடம் பால் வெட்டியவர். ஒருநாள் வகுப்புக்கு வரச் சொன்னேன். இருட்டோடு ஏன் ரப்பர் காட்டுக்குப் போனீர்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். "வெயில் ஏறிட்டா பால் நின்னுரும்யா" என்றார். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கின்றன, மரத்துக்குள் அழுத்தம் இறங்குகிறது, பால் ஓட்டம் குறைகிறது. நீராவிப்போக்கு என்ற பெயரைக் கேள்விப்படாமலே அந்தக் கணக்கில் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) வைத்து எடுத்தவர் அவர். கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, போய்ப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பாட்டிக்கு அது ஒன்றும் பெரிய செய்தியாகப் படவில்லை.

அப்புறம், இப்போது ஊரைச் சுற்றி எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் அதிகம். அதன் தண்டை அறுத்தால் குழாய்க் கற்றைகள் வட்டமாக இல்லாமல் உள்ளெங்கும் சிதறிக் கிடக்கும், ஆகவே எல்லாத் தண்டிலும் வளையம் இருக்கும் என்று கரும்பலகையில் வரைந்துவிடாதீர்கள்.

பாட்டி கிளம்பும்போது மேசையில் கிடந்த சிவப்புப் புள்ளி வைத்த கங்கோங்கை எடுத்துப் பார்த்தார். ஓட்டையில் விரல் நுனியை வைத்து, பிறகு சுவரைத் தடவி, "ஓரத்துலதான் ஓடுதா?" என்றார். பையன் ஓடிப்போய் அடுத்த துண்டையும் எடுத்து வந்தான்.