ஓக் களஞ்சியத்தில் சொல் இருந்தும் கோப்பு சிக்காத கதை

புதுச்சேரியில் ஓர் ஆவணக் காப்பகத்துக்காக அப்பாச்சி ஜாக்ராபிட் ஓக் என்ற உள்ளடக்கக் களஞ்சிய மென்பொருள் மீது தேடல் அமைத்தபோது, பாகூர், வில்லியனூர் என்று கொம்யூன் (உள்ளாட்சிப் பிரிவு) வாரியாக அடுக்கிய பிடிஎஃப்களில் இருந்த ஒரு சொல்லைக் கோப்புக் கணுவில் (களஞ்சியத்தின் மர அமைப்பில் கோப்பைக் குறிக்கும் முனையில்) தேடினால் எதுவும் வரவில்லை. அதன் கீழுள்ள உள்ளடக்கக் கணுவில் தேடினால் வந்தது. ஆகவே, உரையைப் பிரித்தெடுக்கும் டிக்கா மீது சந்தேகப்பட இடமில்லை. உரையைச் சொற்களாகப் பிரிக்கும் அனலைசரை மாற்றியும் பலனில்லை. பிள்ளைக் கணுவின் உரையைத் தாய்க் கணுவோடு சேர்க்கும் அக்ரிகேட் விதியை லூசீன் என்ற தேடல் நூலகத்தின் இண்டெக்ஸ் வரையறையில் எழுதிய பிறகும் நிலைமை அப்படியே இருந்தது.

பலரும் கவனிக்காத இடம் இதுதான்: ஓக் 1.6 முதல் வரையறையின் நகல் ஒன்று மறைகணுவில் சேமிக்கப்படுகிறது. நாம் கண்ணெதிரே திருத்துவதை விட்டுவிட்டு, அந்த நகலையே ஓக் பின்பற்றுகிறது. வரையறையில் இடும் ரீஃப்ரெஷ் பண்பு நகலை மட்டுமே புதுப்பிக்கும், பழைய ஆவணங்களைத் தொடாது. ரீஇண்டெக்ஸ் பண்பை ட்ரூ என்று இட்டதும் முழு இண்டெக்ஸும் மறுபடி கட்டப்பட்டு, பண்பு தானாகவே ஃபால்ஸுக்குத் திரும்பியது, கோப்புகளும் கிடைத்தன.

பாதைக் கட்டுப்பாட்டை லூசீனே கவனிக்கும் அமைப்பையும் அதே மறுகட்டமைப்பில் சேர்த்துவிட்டேன். அது இல்லாவிட்டாலும் விடை சரியாகவே வரும். ஆனால் பாகூர் கோப்புறைக்குள் தேடும்போதுகூட லூசீன் களஞ்சியம் முழுவதிலுமிருந்து முடிவுகளைத் தர, ஓக் அவற்றைப் பிறகு வடிகட்ட வேண்டியிருக்கும்.