லத்தீன் குவார்ட்டரில் காசு எங்கே கசிகிறது? பாரிஸின் மாணவர் பேட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸில் நான் குடித்த முதல் காபிக்கு, நினைத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. கடை வாசலிலேயே விலைப்பட்டியல் மாட்டியிருந்தது. காபிக்கு நேரே இரண்டு விலை. முதல் விலையை மட்டும் படித்துவிட்டு, நடைபாதையில் போட்டிருந்த வட்ட மேஜையில் போய்ச் சொகுசாக உட்கார்ந்தேன். அந்த முதல் விலை கவுண்டரில் நின்று குடிப்பவர்களுக்கு என்பது பில் வந்த பிறகுதான் உறைத்தது. உள்ளே கவுண்டரில் முழங்கையை ஊன்றி நின்ற இரண்டு மாணவிகள், அதே காபியை நாலே வாயில் முடித்து, சில்லறையை வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பேட்டையின் சூட்சுமமே அதுதான். ஐரோப்பாவிலேயே செலவு கூடிய ஊர்களில் ஒன்றின் நடுவில் மாணவர்கள் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று பார்த்தால், தள்ளுபடி கார்டுகளின் பங்கு கொஞ்சம்தான். எங்கே நிற்க வேண்டும், எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும், எந்தச் சந்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது, அதனால்தான் காசு கசிகிறது.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செய்ன் நதியின் இடது கரையில், பாரிஸின் 5, 6-ஆம் வட்டாரங்களில் பரவிக் கிடக்கிறது லத்தீன் குவார்ட்டர். இடைக்காலத்தில் இங்கே படித்தவர்களும் படிப்பித்தவர்களும் லத்தீனில் பேசியதால் வந்த பெயர். ஏழை மாணவர்கள் தங்கி இறையியல் படிப்பதற்காக 1257-இல் ரொபேர் த சோர்போன் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய சோர்போன். ஆக, கையில் காசில்லாதவர்களுக்கு இங்கே எழுநூற்றைம்பது வருஷப் பழக்கம் இருக்கிறது.

ஆகஸ்டில் போவது

விமான டிக்கெட் எப்போது மலிவு என்று பார்த்துத் தேதி குறிப்பவர்கள் செய்யும் முதல் பிழை. ஆகஸ்டில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் சின்னச் சின்னக் கடைகள் பலவும் இரண்டு மூன்று வாரம் ஷட்டரை இறக்கிவிடும். மிச்சம் திறந்திருப்பவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளை நம்பிய கடைகள். கலகலப்பைப் பார்க்கப் போய், நம்மைப் போலவே கலகலப்பைத் தேடி வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்கு அங்கே போய் நில்லுங்கள். அதுதான் அந்த இடம்.

சாப்பாடு: காசு போகும் பெரிய ஓட்டை

சான் மிஷெல் நீரூற்றிலிருந்து இரண்டு நிமிஷ நடையில் ரூ த லா உஷெத் என்றொரு குறுகலான தெரு. சுற்றிலும் அதேபோலச் சந்துகள். வாசலுக்கு வாசல் ஆள் நின்று கூப்பிடுவார். நாம் எந்த நாடு என்று முகத்தைப் பார்த்தே கணித்து 'நமஸ்தே' போடுவார். தட்டுகளின் வண்ணப் படங்கள், ஐந்தாறு மொழிகளில் பட்டியல், மத்தியானம் மூணரை மணிக்கும் சுடச்சுடச் சாப்பாடு. இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் நடையைக் கட்டுங்கள். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய சாக்கில் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம். பலகையில் போட்டிருந்த மலிவு விலை உண்மைதான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபோது தலையாட்டினேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன். மேஜைக்கு வந்தது கண்ணாடி பாட்டில். சாப்பாட்டில் மிச்சம் பிடித்தது தண்ணீரில் போயிற்று.

பிரான்சில் சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் இலவசம். கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஆனால் வெறும் 'வாட்டர்' என்றால் பாட்டில் வரும். 'ஊன் கராஃப் தோ' என்று கேளுங்கள், ஜாடியில் வரும். இந்த மூன்று சொல்லையும் விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடலாம்.

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு பொறி. அங்கே 'மெனு' என்றால் பட்டியல் இல்லை. ஒரே விலையில் இரண்டு மூன்று வகை சேர்ந்த செட் சாப்பாடு. பட்டியல் வேண்டுமானால் 'கார்த்' என்று கேட்க வேண்டும். 'ஆந்த்ரே' என்பது முதலில் வரும் சின்னத் தட்டு. அதை முழுச் சாப்பாடு என்று நினைத்து ஆர்டர் செய்துவிட்டு, நாலு இலைக்கு முன்னால் முழித்துக்கொண்டிருந்தவரைப் பக்கத்து மேஜையில் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, நம் வழக்கப்படி மத்தியானம் ஏதோ கொறித்துவிட்டு ராத்திரி நன்றாகச் சாப்பிடலாம் என்று வைத்துக்கொள்வது. அங்கே தலைகீழாகச் செய்ய வேண்டும். வார நாள் மத்தியானத்தில்தான் 'ஃபோர்ம்யூல்' என்ற செட் கிடைக்கும்: முதல் தட்டும் பிரதானத் தட்டும், அல்லது பிரதானத் தட்டும் இனிப்பும். அதே சமையலறை, அதே சமையல்காரர். ராத்திரி விலை வேறு. ஆனால் இரண்டு இரண்டரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அடுப்பை அணைத்துவிட்டு ஏழு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். நாலு மணிக்குப் பசியோடு அலைபவர்கள்தான் நேராக அந்த உஷெத் சந்துக்குள் போய் விழுகிறார்கள்.

டிப்ஸ் விஷயத்தில் குழம்ப வேண்டாம். பட்டியல் விலையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம். பிடித்திருந்தால் சில்லறையை விட்டுவிட்டு வரலாம். அமெரிக்கக் கணக்கில் சதவீதம் போட்டுக் கொடுக்கத் தேவையில்லை.

ராத்திரிக்கு? பேக்கரி ரொட்டி, சந்தைப் பழம், கடைத் தயிர், பாலாடைக்கட்டி. மோன்ழ் சதுக்கத்தில் புதன், வெள்ளி, ஞாயிறு காலைகளிலும், மோபேர் சதுக்கத்தில் செவ்வாய், வியாழன், சனி காலைகளிலும் சந்தை கூடும். கடை கட்டும் நேரத்துக்குப் போனால் கூடைக்கு விலை இறக்கிக் கூவுவார்கள். ரூ மூஃப்தார் தெருவின் கீழ்க்கோடிக் கடைகளுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், பாதி மூடியிருக்கும்.

சைவக்காரர்கள் கவனிக்க: பிரெஞ்சு வெங்காய சூப்பில் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு இருக்கும். முட்டைக்கு ஆட்சேபணை இல்லையென்றால், தெருவோரக் கடையில் சீஸ் போட்ட க்ரேப் (மெல்லிய தோசை மாதிரி) பாதுகாப்பு. நாலாம் நாள் நாக்கு செத்துப்போய்விட்டால் சான் மிஷெலில் ஆர்.இ.ஆர். பி புறநகர் ரயில் ஏறி இரண்டாவது நிறுத்தமான கார் து நோரில் இறங்குங்கள். பத்து நிமிஷம் நடந்தால் லா சப்பல். ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக, தமிழ்ப் பெயர்ப்பலகையோடு. கொத்து ரொட்டி தட்டும் சத்தம் தெருவுக்கே கேட்கும். ஆனால் தினமும் அங்கேயே போவதென்றால் பாரிஸுக்கு எதற்கு வந்தோம்?

நவிகோ கணக்கு

நவிகோ என்பது பாரிஸின் மெட்ரோ, ரயில் பயண அட்டை. அதில் வாரப் பாஸ் எடுத்தால் லாபம் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது, அது எடுத்த நாளிலிருந்து ஏழு நாள் கிடையாது என்பதை. திங்கள் தொடங்கி ஞாயிறோடு முடிந்துவிடும். நடப்பு வாரத்துக்கான பாஸை வியாழன் வரைதான் விற்பார்கள். வெள்ளிக்கிழமை கேட்டால் அடுத்த வாரத்துக்கானதுதான் கிடைக்கும்.

2025 விலையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர ஒருவருக்கு 13 யூரோ, போய்வர 26. வாரப் பாஸ் 31.60, கார்டுக்குத் தனியாக 5 யூரோவும் ஒரு போட்டோவும். மெட்ரோ ஒரு தடவைக்கு 2.50. பாஸில் விமான நிலையப் பயணமும் சேர்த்தி. ஆகவே திங்களோ செவ்வாயோ இறங்கி அந்த ஞாயிறுக்குள் திரும்புபவர், மேற்கொண்டு ஐந்து முறை மெட்ரோ ஏறினாலே கார்டு விலையும் சேர்த்துப் போட்ட காசு வந்துவிடும். வியாழன் இறங்கி அடுத்த புதன் கிளம்புபவருக்கு அது தண்டம். ஜனவரி பிறந்தால் கட்டணம் ஏறும், புது விலையை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரண மெட்ரோ டிக்கெட்டில் விமான நிலைய ரயில் ஏறினால் அபராதம். டிக்கெட்டுகளை ஏற்றிக்கொள்ளும் நவிகோ ஈஸி கார்டு ஒன்றையே இரண்டு பேர் மாற்றி மாற்றித் தட்டினாலும் அபராதம். பரிசோதகர்கள் 'டூரிஸ்ட்' என்று விட்டுவிட மாட்டார்கள்.

பேட்டைக்குள் சுற்ற டிக்கெட்டே வேண்டாம். சான் மிஷெல் நீரூற்றிலிருந்து மூஃப்தாரின் கீழ்க்கோடி வரை நிதானமாக நடந்தால் அரைமணி நேரம். நடுவில் சின்ன மேடு ஒன்று ஏறி இறங்க வேண்டும். ஒருமுறையாவது க்ளூனி–லா சோர்போன் மெட்ரோ நிலையத்தில் இறங்கி அண்ணாந்து பாருங்கள். 1939-இல் மூடி 1988-இல்தான் திறந்த நிலையம் அது. கூரை முழுக்க, இந்தப் பேட்டையில் உலவிய எழுத்தாளர்கள், அறிஞர்களின் கையெழுத்துகள் மொசைக்கில்.

பல்கலைக்கழகத்துக்குள் 'சும்மா' நுழைவது

நம்மூரில் கல்லூரி வளாகத்துக்குள் நண்பனைத் தேடிப் போவதுபோலச் சோர்போனுக்குள் போக முடியாது. வாசலில் அட்டையைக் கேட்பார்கள். முன்பதிவு செய்த வழிகாட்டிச் சுற்றுலா ஒன்றே வழி. சாந்த் ழெனெவியேவ் நூலகத்தின் இரும்பு வளைவுக் கூரையைப் படம் பிடிக்க ஆசைப்பட்டு வாசலில் திரும்பி அனுப்பப்படுபவர்களும் நிறைய. அங்கேயும் வாசகர் அட்டை வேண்டும்.

சோர்போன் வாசலில் ஏமாந்து நிற்பவர்களுக்கு, பின்பக்கமே இருக்கும் கொலேஜ் த ஃபிரான்ஸ் கண்ணில் படுவதில்லை. மன்னர் முதலாம் ஃபிரான்சுவா காலத்தில், 1530-இல் தொடங்கியது. பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, பதிவு இல்லை, கட்டணமும் இல்லை. நாட்டின் பெரிய அறிஞர்கள் நடத்தும் விரிவுரைகளில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பெரும்பாலும் பிரெஞ்சில்தான். எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு குறிப்பெடுத்த ஒரு பாட்டியம்மாவைப் பார்த்ததில் அந்த ஒரு மணி நேரம் வீண்போகவில்லை.

மாணவர் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. தேசிய அருங்காட்சியகங்களில் 26 வயதுக்குள் இலவசம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியிருப்பவர்களுக்கு. அங்கே நீண்டகால விசாவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் உண்டு. சுற்றுலா விசாவில் போகும் கல்லூரி மாணவருக்குப் பொருந்தாது. அவர்கள் மாதத்தின் முதல் ஞாயிறு க்ளூனி அருங்காட்சியகத்துக்குப் போகலாம், அன்று எல்லோருக்கும் இலவசம். மரி கியூரியின் ஆய்வுக்கூடம் இருந்த இடத்திலுள்ள சின்ன அருங்காட்சியகத்துக்கு எந்த நாளும் கட்டணமில்லை, திறந்திருக்கும் நாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 1869-இல் ரூ மோன்ழ் சாலை போடும்போது வெளிப்பட்ட ரோமானிய அரங்கம் ஒன்று வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அங்கேயும் இலவசம், சாயந்திரம் தாத்தாக்கள் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுவார்கள். ஆற்றின் நடுத் தீவிலுள்ள நோத்ர் தாம் தேவாலயத்துக்குள் போகவும் காசில்லை. வரிசையில் நிற்கும்போது நுழைவுச்சீட்டு என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

சின்னச் சின்னதாக

கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர்' சொல்லாமல் நேராக விலையைக் கேட்காதீர்கள். அந்த ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

ரூ ஷாம்பொல்லியோனில் பழைய படங்கள் போடும் குட்டித் தியேட்டர்கள் உண்டு. 'வி.ஓ.' என்று போட்டிருந்தால் படம் மூல மொழியில் ஓடும், சப்டைட்டில் பிரெஞ்சில். ஜப்பானியப் படத்துக்கு வி.ஓ. என்று நம்பிப் போய் இரண்டு மணி நேரம் பொம்மை பார்த்த கதை எனக்கு உண்டு. ஆங்கிலப் படமாகத் தேர்ந்தெடுங்கள்.

அறை எடுக்கும்போது 'மூஃப்தார் தெருவைப் பார்த்த ஜன்னல்' என்று பெருமையாகப் போட்டிருந்தால் வேண்டாம் என்று விடுங்கள். ராத்திரி முழுக்க மதுக்கடைச் சிரிப்பு, விடியற்காலையில் குப்பை லாரி. இரண்டு தெரு தள்ளி எடுங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பழைய கட்டடங்களில் ஐந்தாம் மாடிக்குப் பெட்டியைத் தூக்குவது விளையாட்டில்லை. ஊர் வரி பல இடங்களில் அறை வாடகைக்கு மேல் தனியாக வரும்.

சான் மிஷெல் நிலையத்தில் பர்ஸை முன்பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். காகிதம் பிடித்த அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்பவர்களிடம் நிற்காதீர்கள். கையெழுத்துப் போடும் அந்த நேரம்தான் மற்றவர் கைக்கு வேலை.

வாங்கிய ரொட்டியை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று யோசிக்க வேண்டாம். லுக்ஸம்பூர் தோட்டத்தில் பச்சை இரும்பு நாற்காலிகள் ஏராளம், எல்லாம் இலவசம், வேண்டிய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். சாய்ந்து உட்காரும் நாற்காலிகளுக்குப் போட்டி அதிகம், குளத்தைச் சுற்றி சீக்கிரம் நிரம்பிவிடும். தோட்டத்தை மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். குளிர்காலத்தில் ஐந்து மணிக்குள்ளேயே காவலர் விசில் ஊதிக்கொண்டு வந்துவிடுவார். தயிர் டப்பாவை அதற்கு முன்னால் காலி செய்துவிடுங்கள்.