இலவசக் கரண்ட்டை மிச்சம் பிடிக்கச் சொல்வது எப்படி?

நீடாமங்கலம் பக்கத்தில், எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், கட்டுவது என் தொழில். ஊரார் கரண்ட்டை ஒழுங்காகப் புழங்கினால் எனக்குத்தான் நஷ்டம். ஆனாலும் நாலு வருடமாக இதைத்தான் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் உங்கள் ஊரில் பேசப் போவதாக இருந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

வயல்காரரிடம் 'மின்சாரம் சேமிப்போம்' என்று ஆரம்பிக்காதீர்கள். பம்புசெட்டுக்கு 1990-லிருந்து இலவசம். "மிச்சம் பிடிச்சு யாருக்குண்ணே குடுக்கப் போறோம்?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்கு வாயடைத்துவிட்டது. யாரோ அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸில் பனிக்கரடி படம் வேறு. டீக்கடைக்காரர் அதில் பஜ்ஜி மடித்துக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் கருகின காயில் ஒன்றைக் கையோடு எடுத்துப் போகிறேன். டீக்கடை பெஞ்சில் வைத்தால் போதும், அந்த வாடைக்கே ஆள் கூடிவிடும். மோட்டார் எரிந்து பயிர் வாடினதை யாரும் மறப்பதில்லை. பேச்சை அங்கேதான் பிடிக்க வேண்டும். மும்முனைக் கரண்ட் வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டால் வோல்டேஜ் இறங்கும். மோட்டார் கூடுதலாகக் கரண்ட் இழுத்துச் சூடாகும், காயில் போய்விடும். வோல்டேஜ் இறக்கத்தைக் குறைக்க மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் மாட்டச் சொல்லுங்கள். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருப்பவர்களை முறை வைத்துப் போடச் சொல்லுங்கள். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்தே வளர்ந்த ஊர்கள் இவை, விளக்கவே வேண்டியதில்லை.

கஷ்டம் ஆட்டோ ஸ்டார்ட்டர்தான். ராத்திரி கரண்ட் வந்ததும் தானாக ஓடும். வயல் நிறைந்து வரப்பு வழிந்தாலும் ஓடும். 5 ஹெச்பி மோட்டார் மணிக்கு 4 யூனிட் போல இழுக்கும். அணைக்க நடுராத்திரி எவரும் எழுந்து போகப் போவதில்லை, நானே போகமாட்டேன். அதனால் மோட்டாரை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பேசுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது நெல் வயலைக் கொஞ்சம் காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவது என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். எப்போது பாய்ச்சுவது என்று பார்க்க, ஒரு அடி நீளப் பிவிசி குழாயின் கீழ்ப்பகுதியில் சுற்றிலும் துளை போட்டு, 20 செ.மீ. மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே போகிறவரை பாய்ச்ச வேண்டாம். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலில் தண்ணீர் நிற்கட்டும். இந்தக் குழாயை ரோட்டோரமாக, ஊர் மதிக்கிற ஒருவர் வயலில் வையுங்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் குனிந்து எட்டிப் பார்ப்பார்கள். அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் போர்வெல் தண்ணீரில் குறுவை நெல்லுக்கு நாற்று விடும்போது போங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் மோட்டார் பேச்சு யார் காதிலும் ஏறாது. கிராம சபையிலும் பேசிப் பார்த்தேன், ரோடு பஞ்சாயத்திலேயே நேரம் போய்விட்டது.

அப்புறம் வீடு. அங்கே பில் வருகிறது, ஆகவே பேச்சு சுலபம். பெண்கள் குழுக் கூட்டத்துக்கு ஒரு வாட் மீட்டர், பழைய ஃபேன் ஒன்று, கரண்ட் குறைவாக இழுக்கும் புது மாதிரி பிஎல்டிசி ஃபேன் ஒன்று கொண்டு போங்கள். இரண்டையும் நீங்கள் போடாதீர்கள், அவர்களையே போடச் சொல்லுங்கள். நான் போன கூட்டத்தில் பழையது 75 வாட் காட்டியது, புதியது 30. ஒரு அக்கா மூன்று தடவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். தினம் 15 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் என்று அவரே விரல் விட்டுக் கணக்குப் போட்டார். சரி, ஒன்று வாங்கியும் விட்டார். கழற்றின பழைய ஃபேனை என்ன செய்வது என்று கேட்டதற்கு, மாட்டுக் கொட்டகையில் மட்டும் மாட்டிவிடாதீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். கொட்டகையில் ஃபேன் ஓடுகிறது, மாடு சுகமாகப் படுத்திருக்கிறது.