கொத்தமல்லி முளைக்க மாட்டேன் என்கிறதா? சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்ற வழி

விதைத்துவிட்டுத் தினமும் தொட்டியை எட்டிப் பார்த்து அலுத்துப்போனவர்களுக்காக இது. வெந்தயம் இரண்டு மூன்று நாளில் தலைகாட்டிவிடும். புதினாவுக்கு விதையே வேண்டாம், தேக்கா சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து நல்ல தண்டாக நறுக்கித் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். சண்டித்தனம் செய்வது கொத்தமல்லிதான். எல்லாரும் விதையைக் குறை சொல்வார்கள். நம் ஊர்ப் புழுக்கமும் அளவுமீறிய தண்ணீரும்தான் காரணம் என்பது என் கட்சி.

தனியாக விதைப் பாக்கெட் வாங்க வேண்டியதில்லை. மளிகைக் கடை முழு மல்லி போதும், வறுக்காததாக, புதிதாக இருக்க வேண்டும்.

இனி, பலரும் கோட்டைவிடும் இடம். உருண்டையாகத் தெரிவது ஒரே விதை அல்ல. அது காய், உள்ளே இரண்டு விதைகள் ஒட்டிக்கிடக்கும். அதைப் பிளக்க வேண்டும். மிக்சி, உரல் பக்கமே போகாதீர்கள். துணியில் ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு, சப்பாத்திக் கட்டையை ஒருமுறை மெதுவாக உருட்டுங்கள். லேசாக ‘டக் டக்’ என்று கேட்டால் சரி. பாதிப் பாதியாகப் பிரிந்தவை நமக்கு. வாசம் குப்பென்று கிளம்பித் தூள் உதிர்ந்தால் அழுத்தம் அதிகம், அதை ரசத்துக்கு எடுத்துவைத்துவிடுங்கள். பிளக்காத காயும் முளைக்கும், நாள்தான் இழுக்கும்.

பிளந்ததை இரவு ஊறவைத்து, காலையில் வடிகட்டி விதையுங்கள்.

ஆணிவேர்ச் செடி என்பதால் இடம் மாற்றினால் பிடிக்காது. முட்டை அட்டை, குட்டிக் கிண்ணமெல்லாம் படமெடுக்கத்தான் அழகு. 15 செ.மீ.க்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியில் நேராகப் போடுங்கள். தென்னைநார்த் தூளும் தொட்டி மண்ணும் சரிபாதி. மேலே 1 செ.மீ. மண் மூடினால் போதும். தண்ணீரை ஊற்றாமல் தெளிப்பான் புட்டியால் தெளியுங்கள். குவளையால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

இங்கே பகலில் 31, 32 டிகிரி சாதாரணம். 30-ஐத் தாண்டினால் கொத்தமல்லி முளைக்கத் தயங்கும். முளைவிட வெளிச்சம் தேவையில்லை என்பதால், அதுவரை வெயில் படாத சமையலறைத் தரையிலோ இரவில் ஏர்கான் ஓடும் அறையிலோ வையுங்கள். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகலாம். பச்சை தெரிந்த அன்றே காலை வெயில் விழும் சன்னலுக்கு மாற்றிவிட வேண்டும். தாமதித்தால் தண்டு நூலாக நீண்டு சாயும்.

தொட்டிக்கு அடித்தட்டு வைத்தால் தேங்கும் தண்ணீரை உடனுக்குடன் கொட்டுங்கள். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். நான் தட்டே வைப்பதில்லை, தண்ணீர் விடும்போது மட்டும் தொட்டியைக் கழுவுதொட்டிக்குத் தூக்கிப்போவேன்.

பின்சேர்க்கை: திருநீற்றுப்பச்சைக்கும் இதே முறையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. அந்த விதை ஊறினால் வழவழவென்று பசையாகிக் கையில் ஒட்டும். ஊறவைக்காமல் ஈர மண்ணின் மேல் தூவி, லேசாக அழுத்திவிடுங்கள். மூடாதீர்கள், அதற்கு வெளிச்சம் வேண்டும்.

இன்னொன்று: முளைத்த பிறகு மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு கறுத்துச் சாய்ந்தால் அது பூஞ்சை. மேலே பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தால் எடுத்துவிட்டுக் காற்று படவிடுங்கள், சாய்ந்ததைப் பிடுங்கி எறியுங்கள், மேல்மண் காய்ந்த பிறகே மறுபடி தெளியுங்கள்.