பழைய கேசட்டையும் எச்டி வீடியோவையும் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ செய்து கொடுப்பவர்களிடம் இப்போது அடிக்கடி ஒரு வேலை வருகிறது. அம்மா அப்பாவின் அறுபதாம் கலியாணத்தை எச்டியில் எடுத்திருப்போம், அதற்குள்ளே அவர்களுடைய பழைய கலியாணக் கேசட்டில் இருந்து நாலைந்து நிமிடம் வர வேண்டும் என்பார்கள். எங்கள் கரையோர வீடுகளில் 2004 சுனாமியோடு எத்தனையோ ஆல்பங்களும் கேசட்டுகளும் போய்விட்டன, அதற்கு முன்னே இடம்பெயர்வுகளில் போனவை வேறு. தப்பி வந்த ஒரு கேசட்டைக் கையில் தருகிறார்கள் என்றால் அதைக் கவனமாகத்தான் தொட வேண்டும்.

நான் முதலில் செய்த தவறு படத்தை இழுத்தது. அகலத்துக்கு உயரம் என்ற கணக்கில் பழைய படம் 4:3, புதியது 16:9, இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று திரை முழுக்க நிரப்பிவிட்டேன். பார்க்க வந்த மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கட அப்பா இவ்வளவு குண்டா இருக்கேல்ல தம்பி" என்றார். அவருடைய அப்பா உயிரோடு இல்லை. அன்றோடு இழுப்பதை விட்டுவிட்டேன்.

சரி, இழுக்காமல் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டலாமா? அப்படிச் செய்தால் உயரத்தில் கால்வாசி போய்விடும், பழைய படத்தின் 576 கிடைக் கோடுகளில் 432தான் மிஞ்சும். தாலி கட்டும் காட்சியில் பின்னால் நிற்பவர்களின் தலைகள் முதலில் போகும், அந்தத் தலைகளைத் தேடித்தானே வீட்டுக்காரர் படம் பார்க்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறைக் கேசட்டைக் கணினிக்கு ஏற்றினால் 720க்கு 576 என்று வரும், ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. மென்பொருள் அவற்றைச் சதுரம் என்று எடுத்துக்கொண்டால் எல்லோரும் சற்று ஒடுங்கித் தெரிவார்கள். சதுரப் புள்ளிக் கணக்கில் அது 768க்கு 576, எச்டியின் முழு உயரத்துக்கு ஏற்றினால் 1440க்கு 1080. மிச்சம் பக்கத்துக்கு 240 புள்ளி கறுப்பாக இருக்கட்டும். அதே படத்தைக் கலங்கலாக்கிப் பின்னால் விரிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது, எனக்குப் பிடிக்காது. நடுவில் தாலி ஏறும்போது ஓரத்தில் ஏதோ அசைந்துகொண்டே இருந்தால் கண் அங்கேதான் போகும்.

எல்லாவற்றையும் விடக் கேடான தவறு கோடு சம்பந்தப்பட்டது. பழைய வீடியோ ஒரு செக்கனுக்கு 25 முழுப் படங்களாக எடுக்கப்படவில்லை, 50 அரைப் படங்களாக எடுக்கப்பட்டது. ஒன்றில் ஒற்றைக் கோடுகள், அடுத்ததில் இரட்டைக் கோடுகள், இரண்டுக்கும் இடையில் செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம். பழைய பெட்டி டிவியில் இது வழுவழுப்பாக ஓடியது. அதை அப்படியே எச்டி டைம்லைனில், அதாவது மென்பொருளில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் இடத்தில், போட்டால் அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கிழிந்து தெரியும், டச் பே கடற்கரையில் அலை உடைகிற காட்சியோ திருக்கோணேஸ்வரத்துத் தேர் அசைகிற காட்சியோ இருந்தால் உடனே பார்க்கலாம். அதைக் கவனிக்காமல் 1080 உயரத்துக்குப் பெரிதாக்கினீர்களோ, அந்தப் பற்களும் 1.875 மடங்காகப் பெரிதாகிப் படத்தோடு குழைந்துவிடும், பிறகு எந்த வடிகட்டி போட்டும் எடுக்க முடியாது.

ஆகவே கோடுகளைப் பிரிப்பது முதலில், பெரிதாக்குவது அதற்குப் பிறகு. பிரிக்கும்போதும் ஒரு அரைப் படத்தை வீசிவிட்டு மற்றதை இரட்டிப்பாக்கும் சுருக்குவழி வேண்டாம், இருக்கிற கொஞ்ச விவரத்திலும் பாதி போய்விடும். ஒவ்வொரு அரைப் படத்தையும் ஒரு முழுப் படமாக்கி செக்கனுக்கு 50 எடுங்கள். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருளில் உள்ள பிடபிள்யூடிஃப் (bwdif) என்ற கோடு பிரிக்கும் வடிகட்டி இலவசம், ஓரளவு வேகமாகவும் ஓடும். நேரம் இருந்தால் ஹைப்ரிட் (Hybrid) மென்பொருளில் கியூடிஜிஎம்சி (QTGMC) என்ற வடிகட்டியைப் போடுங்கள், மெதுவாகத்தான் ஓடும், ஆனால் பட்டுச் சேலைக் கரை நடுங்காமல் நிற்பதைப் பார்த்தால் காத்திருந்தது தெரியாது.

எந்த அரை முதலில் வரும் என்பதையும் பாருங்கள். மினி டிவி (MiniDV) என்ற சிறிய டிஜிட்டல் கேசட்டை ஃபயர்வயர் கேபிள் வழியாக ஏற்றினால் கீழ்க்கோடு முதல், 1080i என்ற அரைப் பட வகை எச்டியில் மேல்க்கோடு முதல். இதை மாற்றிக் கொடுத்துவிட்டால் மணப்பெண் நடக்கும்போது ஒரு அடி முன்னே அரை அடி பின்னே என்று உதறிக்கொண்டே வருவார்.

அப்புறம் கனடாக் கேசட். நம் ஊரில் இது பெரிய விஷயம், ஏனென்றால் லண்டன், பாரிஸ் உறவினர் அனுப்புகிற பழைய கேசட் நம்முடையதைப் போல 25 படக் கணக்கில் இருக்கும், கனடாவில் எடுத்தது என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு தொலைக்காட்சி முறை, 720க்கு 480, செக்கனுக்கு 29.97 படம். மென்பொருள் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று 25 டைம்லைனில் போட்டால் இடையிடையே படங்கள் விழுந்து, கமரா பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம் சின்னச் சின்னத் தட்டல் வரும். வேகத்தைக் குறைத்துப் பொருத்தலாம் என்றால் மாமாவின் குரல் இழுபடும். முதலில் கோடு பிரித்து 59.94 ஆக்கி, அங்கிருந்து 50க்கு மாற்றினால் தட்டல் வெகுவாகக் குறையும். கைபேசியில் எடுத்ததும் பெரும்பாலும் 30தான், அதையும் பார்த்துவிட்டே டைம்லைனைத் தொடங்குங்கள். எந்தக் காட்சி அதிகமோ அதன் வேகம்தான் டைம்லைனின் வேகம்.

நிறம் பற்றிச் சுருக்கமாக. பழைய வீடியோவின் நிறக் கணக்கு ரெக் 601, எச்டியினது ரெக் 709. கோப்பில் குறிப்பு இல்லாமல் மென்பொருள் தவறாக ஊகித்தால் கூறைச் சேலையின் சிவப்பும் தோலின் நிறமும் கொஞ்சம் நகரும். நிறம் திருத்தத் தொடங்க முன் இதைச் சரிபாருங்கள், இல்லாவிட்டால் இல்லாத குறையை மணிக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது எல்லோரும் கேட்பது செயற்கை நுண்ணறிவு வைத்துத் துல்லியமாக்க முடியாதா என்று. எச்டியில் உள்ள புள்ளிகள் பழைய படத்தில் உள்ளதைப் போலச் சரியாக ஐந்து மடங்கு. அந்த மிச்ச நாலு பங்கும் கேசட்டில் இல்லை, மென்பொருள் ஊகித்துத்தான் போடும். சுவர், மரம், தோரணம் என்றால் பரவாயில்லை. முகம் அப்படி இல்லை. பின்வரிசையில் நிற்கிற அம்மம்மாவின் முகம் கேசட்டில் இருபது முப்பது புள்ளி அகலம்தான் இருக்கும், அதற்குள் மென்பொருள் புதுக் கண்ணும் புதுப் பல்லும் வைத்து, கன்னத்து மறுவை அழுக்கு என்று துடைத்துவிடும். அம்மம்மாவின் வேறு படம் இல்லாத வீட்டில் அதற்குப் பிறகு அந்தப் பொய் முகம்தான் அவர் முகம். மங்கலாக இருந்தாலும் உண்மையானதையே கொடுங்கள்.

மங்கல் உறுத்தாமல் இருக்க வெட்டும் முறையில்தான் வழி இருக்கிறது. ஒரு எச்டி, ஒரு கேசட், மறுபடி எச்டி என்று மாற்றி மாற்றி வெட்டினால் ஒவ்வொரு வெட்டிலும் பழையது அடிபடும். பழையதை ஒரே தொடராக விடுங்கள், சில நொடிகளில் கண் பழகிவிடும். திரை முழுக்க வேண்டும் என்றும் இல்லை, 1152க்கு 864 அளவில் நடுவே வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். விஎச்எஸ் (VHS) கேசட் என்றால் அடியில் ஓடுகிற குழம்பிய சில கோடுகளை மட்டும் மறைத்துவிடுங்கள். கூர்மை கூட்டாதீர்கள், கேசட்டின் இரைச்சல்தான் கூர்மையாகும்.

ஒலியையும் பாருங்கள். சில மினி டிவி கேசட்டுகளில் ஒலி 32 கிலோஹெர்ட்ஸில் இருக்கும், டைம்லைன் 48இல் இருக்கும். சரியாக மாற்றாவிட்டால் மேளமும் உதடும் பிரிந்து போகும். ஒரு காதில் மட்டும் கேட்டால் இரண்டு பக்கமும் போடுங்கள். ஏற்றிய மூலக் கோப்பை ஒருபோதும் சுருக்கிச் சேமிக்காதீர்கள். மினி டிவி கேசட்டின் DV கோப்பு வடிவில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 13 ஜிபிதான். அதை இரண்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்றைக் கேசட்டோடு வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.