சப்வூஃபரை எங்கே வைப்பது: முதலில் சோஃபா மேல் தூக்கி வையுங்கள்

பாஸ் எனப்படும் அடித்தொனியை மட்டும் தரும் ஸ்பீக்கர் பெட்டிதான் சப்வூஃபர். அதை வாங்கும் பலரும் டிவி யூனிட்டுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் மூலையில் தள்ளி, ஒயரை மாட்டி, சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். அப்புறம் "பாஸ் கும்முனு இரையுது, ஆனா தெளிவே இல்ல" என்று குறைப்படுவார்கள். இல்லாவிட்டால் சோஃபாவில் உட்கார்ந்தால் ஒன்றுமே தெரியவில்லை, சமையலறை வாசலில் நின்றால் மட்டும் அதிர்கிறது என்பார்கள். அடுத்து பெரிய சப்வூஃபரின் விலையைத் தேட ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து அதற்கு முன்னால் இருக்கிற பெட்டியை நகர்த்திப் பாருங்கள். செலவே இல்லாமல் இவ்வளவு மாற்றத்தைத் தருகிற வேலை ஹோம் தியேட்டரில் வேறு எதுவும் இல்லை.

ஏன் இடம் இவ்வளவு முக்கியம்? 40 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 40 அதிர்வு) ஒலியின் ஒரு அலை நீளம் சுமார் 28 அடி. நம் ஹாலோ 15 அடி நீளம், 12 அடி அகலம் இருக்கும். அந்த அலை சுவரில் மோதித் திரும்பி, எதிரே வருகிற அலையோடு சில இடங்களில் கூடிக்கொள்கிறது, சில இடங்களில் அடித்துக்கொண்டு காணாமல் போகிறது. உங்கள் அறையில் இது எந்த ஹெர்ட்ஸில் நடக்கும் என்று கணக்குப் போடுவது சுலபம்: ஒலியின் வேகமான 345-ஐ (நொடிக்கு மீட்டரில்) அறை நீளத்தின் (மீட்டரில்) இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். 15 அடிக்கு 38 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், 12 அடிக்கு 47, 10 அடி உயரக் கூரைக்கு 57. இதில் 38 ஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டால், நீளவாக்கில் இரண்டு கோடியிலும் உள்ள சுவர்களுக்குப் பக்கத்தில் அது மிகப் பலமாகக் கேட்கும், சரியாக நடுவில் ஏறக்குறைய கேட்கவே கேட்காது. செங்கல், கான்கிரீட் சுவர்கள் பாஸை அப்படியே திருப்பி அனுப்பும், மெல்லிய பலகைச் சுவர் போல உறிஞ்சிக்கொள்ளாது. அதனால் நம் வீடுகளில் இந்த மேடும் பள்ளமும் இன்னும் கூர்மையாகவே இருக்கும்.

ஆகவே சப்வூஃபரைத் தொடுவதற்கு முன் சோஃபாவைப் பாருங்கள். அது அறையின் நட்டநடுவில் இருந்தால் ஓரிரு அடி முன்னேயோ பின்னேயோ தள்ளுங்கள். பின்சுவரோடு ஒட்டியிருந்தால், முடிந்த அளவு கொஞ்சம் முன்னே இழுங்கள்.

சரி, இப்போது முக்கியமான வேலை. சப்வூஃபரைத் தூக்கி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், சோஃபா மேலேயே வையுங்கள். மற்ற ஸ்பீக்கர்களை நிறுத்திவிட்டு, பாஸ் கிட்டார் மேலும் கீழுமாக ஏறி இறங்கும் ஒரு பாட்டையோ, 20-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒரு டோனையோ ஓட விடுங்கள். குண்டு வெடிக்கும் சினிமாக் காட்சி இதற்கு உதவாது, அதில் எல்லாம் ஒரே உறுமலாகத்தான் கேட்கும். கதவு ஜன்னல்கள் படம் பார்க்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். இப்போது தரையில் மண்டியிட்டு, சப்வூஃபர் தரையில் இருந்தால் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குத் தலையைக் கொண்டுவந்து, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். வீட்டில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். சப்வூஃபரும் காதும் இடம் மாறிக்கொண்டாலும் இரண்டுக்கும் நடுவே அறை செய்கிற வேலை மாறாது. அதனால் எந்த இடத்தில் உங்கள் காதுக்கு நன்றாகக் கேட்கிறதோ, சப்வூஃபரை அங்கே வைத்தால் சோஃபாவிலும் அப்படியே கேட்கும்.

பலரும் தவறுவது இங்கேதான். மிகச் சத்தமான இடத்தைத் தேடாதீர்கள், எல்லாச் சுரங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும் இடத்தைத் தேடுங்கள். மூலையில் சத்தம் எப்போதுமே அதிகம்தான், ஏனென்றால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பாஸுக்கு முட்டுக்கொடுக்கின்றன. ஆனால் அறையின் எல்லா மேடுகளையும் சேர்த்துக் கிளப்பிவிடுவதும் அதே மூலைதான். 8 அங்குலச் சின்ன சப்வூஃபர் என்றால் மூலையின் பலம் அதற்குத் தேவைப்படலாம், அப்போது ஈக்வலைசரில் (வெவ்வேறு ஹெர்ட்ஸின் சத்தத்தைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) மேடுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி என்றால் முன்சுவரின் நடுப்பகுதி, பக்கச்சுவரின் நடுப்பகுதி என்று முயன்று பாருங்கள்.

நல்லதாகப்பட்ட இரண்டு மூன்று இடங்களில் சாக்பீஸால் குறியிட்டு, சப்வூஃபரை ஒவ்வொன்றிலும் வைத்து, சோஃபாவில் உட்கார்ந்து அதே பாட்டைக் கேளுங்கள். அரை அடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் யூமிக்-1 போன்ற அளவீட்டு மைக்கும் போதும், வரைபடமே காட்டிக்கொடுத்துவிடும். அதில் மேட்டைவிடப் பள்ளத்தைப் பார்த்துப் பயப்படுங்கள். மேட்டை ஈக்வலைசரில் வெட்டிவிடலாம். பள்ளத்தை நிரப்ப 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு உழைக்க வேண்டும், அப்படியும் சுவரிலிருந்து திரும்பும் அலை அதே அளவு பலமாகி வந்து அழித்துவிடும். சோஃபாவில் பள்ளம் விழுகிறதென்றால் இடத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இடம் முடிவான பிறகுதான் மற்றவை. ஏவி ரிசீவரில் (ஸ்பீக்கர்களை எல்லாம் இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) கிராஸ்ஓவரை, அதாவது எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், அதற்கு மேலே போகப் போக பாஸ் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடும். சப்வூஃபரின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் குமிழை அதிகபட்ச ஹெர்ட்ஸ் வரை திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே வேலையை இரண்டு ஃபில்டர்கள் செய்யும். மைக் வைத்துத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும் ரிசீவரின் ஆட்டோ காலிபரேஷனை இப்போது ஓட்டுங்கள். அது சப்வூஃபரின் தூரத்தை டேப்பில் அளந்ததைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்த வேண்டாம், பெட்டிக்குள் உள்ள சர்க்யூட்டின் தாமதத்தையும் சேர்த்தே அது கணக்கிடுகிறது. கடைசியாக, முன் ஸ்பீக்கர்களையும் சேர்த்து 80 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, சப்வூஃபரின் ஃபேஸை (அதன் அலை மற்ற ஸ்பீக்கர்களின் அலையோடு ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) 0 டிகிரியிலும் 180 டிகிரியிலும் மாற்றிப் பாருங்கள். சோஃபாவில் எது பலமாகக் கேட்கிறதோ அதுவே சரி.

ஒரே வரிசையில் நான்கு பேர் உட்கார்ந்தால், ஒரு சப்வூஃபரால் நால்வருக்கும் ஒரே மாதிரி பாஸ் கொடுப்பது கஷ்டம். ஹர்மன் ஆடியோ நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் வெளியிட்ட ஆய்வு, செவ்வக அறையில் எதிரெதிர் சுவர்களின் நடுவில் சுவருக்கு ஒன்றாக இரண்டு சப்வூஃபர்கள் வைப்பது நல்ல பலன் தரும் என்று காட்டியது. பெரிதாக ஒன்று வாங்குவதைவிட நடுத்தரமாக இரண்டு வாங்குவதே மேல் என்பேன். ஹால் டைனிங்கோடு சேர்ந்து எல் வடிவில் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் அப்படியே பொருந்தாது, தவழ்ந்துதான் பார்க்க வேண்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பெட்டிக்கு அடியில் ரப்பர் பேட் வைத்தால் தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும். காற்றின் வழியே போகும் பாஸை அது தடுக்காது, அதற்குச் சத்தத்தைத்தான் குறைக்க வேண்டும். டோனை மறுபடி ஒருமுறை மெதுவாக ஓட்டி, பீரோ கதவு, ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி என்று கடகடக்கும் எல்லாவற்றையும் தேடி இறுக்குங்கள். எல்லாம் முடிந்ததும் பெட்டியின் நான்கு காலையும் சுற்றித் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள், வீடு துடைக்கும்போது நகர்ந்தாலும் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடலாம்.