லம்பாடி பூவேலைக்குக் கியூஆர் சீட்டு: துணியின் பின்பக்கத்தைப் படமெடுங்கள்

அரூரை அடுத்த சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிச் சமூகத்து அக்காக்கள் கையால் போடும் பூவேலைக்கு (எம்பிராய்டரிக்கு) கியூஆர் குறியீடு அச்சிட்ட சீட்டு தயாரித்துக் கொடுத்தபோது பழகிய முறை இது. இயந்திரத்தில் ஓட்டிய துணியைக் கைவேலை என்று விற்பது பெரிய அநியாயம். ஆனால் கியூஆர் சீட்டு மட்டும் அதைத் தடுக்காது. அதை யாரும் நகலெடுத்து அச்சடிக்கலாம். ஒவ்வொரு துணிக்கும் தனி எண், தனிப் படம், தனிப் பக்கம் வேண்டும்.

முதலில், கூகுள் ஷீட்டில் எண், தைத்தவர், ஊர், முடித்த மாதம் ஆகியவற்றை எழுதுங்கள். பெயரைப் போடும் முன் அந்த அக்காவிடம் சம்மதம் கேளுங்கள்.

அடுத்தது படம். இங்கே அவசரம் கூடாது. முன்பக்கம் அழகாக இருப்பதால் எல்லோரும் அதையே எடுப்பார்கள். துணியைத் திருப்புங்கள். கைத்தையலில் முடிச்சுகள் தெரியும். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூல் தாவியிருக்கும். இயந்திர வேலையில் பாபின் நூல் (அடியிலிருந்து வரும் நூல்), பெரும்பாலும் ஒரே நிறத்தில், சீராக ஓடும். ஏதாவது ஒரு மூலையின் பின்பக்கத்தை, ஸ்கேல் வைத்து, திண்ணை நிழலில் நெருக்கமாக எடுங்கள். எந்த மூலை என்பதையும் குறித்துவையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த தேதியும் அழிந்துவிடும். திருடிய சீட்டை ஸ்கேன் செய்பவருக்கு வேறொரு துணியின் முடிச்சுகள்தான் தெரியும். கையில் இருப்பதோடு அது பொருந்தாது.

ஒவ்வொரு துணிக்கும் பக்கம் அமைத்துப் படங்களை ஏற்ற, இணையப் பக்கம் உருவாக்கும் கூகுள் சைட்ஸ் போதும்.

அந்தப் பக்கத்தின் முகவரியைக் கியூஆர் குறியீடாக மாற்ற நான் பரிந்துரைப்பது லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள். 6.4 பதிப்பிலிருந்து அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. சில இணையதளங்கள் தரும் 'டைனமிக்' குறியீடு அவர்கள் தளம் வழியாகவே நம் பக்கத்துக்குப் போகும்; சந்தா நின்றதும் செயலிழந்துவிடும். விற்றுப்போன துணியில் அதை மாற்றவும் முடியாது. பிழைதிருத்த அளவை உச்சத்தில் வையுங்கள். குறியீட்டில் ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் போன் அதைப் படிக்கும்.

பின்சேர்க்கை: துவைத்தால் காகிதச் சீட்டு கிழிந்துவிடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பருத்தி நாடாவில் அச்சடித்து ஓரத்தையலோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். குறியீடு 2 செ.மீ.க்குக் குறையக் கூடாது. சுற்றிலும் வெள்ளை விளிம்பு வேண்டும்.

புவிசார் குறியீட்டு முத்திரை போடலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். லம்பாணி (லம்பாடிக்கு அங்கே வழங்கும் பெயர்) எம்பிராய்டரிக்கு உள்ள அந்தப் பதிவு கர்நாடகத்தின் சண்டூருக்கு உரியது. அதை நம் துணியில் போடாதீர்கள். சீட்டில் சிட்டிலிங்கி என்றே அச்சிடுங்கள்.